அப்பாவின் அம்பாசிடரில் ஒரு ஓட்டை

“ஓட்டையா? என் வண்டியிலயா?”

அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார் என்றால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ரிட்டயர் ஆன பிறகு அவர் பேப்பரைப் பாதியில் மடித்து நான் பார்த்தது இரண்டே தடவை. முதல் தடவை, நானே பெண் பார்த்துவிட்டேன் என்று சொன்ன அன்று.

“சின்ன ஓட்டைதாம்ப்பா. ரெண்டு இன்ச்.”

“ரெண்டு இன்ச் சின்னதாடா? உன் மண்டையில போட்டுப் பார்த்துட்டுச் சொல்லு.”

வண்டி, 1985 மாடல் அம்பாசிடர். மார்க் 4. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை நிறம் என்று இருக்கிறது. இன்றைக்கு அதை மோர் நிறம் என்று சொல்லலாம். அப்பாவின் பி.எஃப். லோனும் அம்மாவின் இரண்டு வளையல்களும் சேர்ந்து வாங்கியது. அதில் நாங்கள் எங்கெங்கே போனோம், எத்தனை பேர் போனோம் என்றெல்லாம் சொன்னால் ஆர்.டி.ஓ. படிக்கக்கூடும், வேண்டாம்.

ஓட்டை போட வேண்டிய இடம் ஃபயர்வால்.

ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஃபயர்வால் என்றால் தெரியும். மேட்ச் ஸ்கோர் பார்க்க விடாமல் குறுக்கே நிற்கும் ஆசாமி. கம்ப்யூட்டர்க்காரர்கள் அந்த வார்த்தையைக் கட்டடக்காரர்களிடம் கடன் வாங்கினார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று பற்றிக்கொண்டால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் நடுவில் எழுப்புகிற சுவர் அது. காரில் அது ஓர் இரும்புத் தகடு. பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பக்கம் பெட்ரோல், ஆயில், சூடு. இந்தப் பக்கம் உங்கள் கால் கட்டைவிரல்.

அதில் எதற்கு ஓட்டை? அதற்குக் கொஞ்சம் குதிரைக் கதை சொல்ல வேண்டும்.

எங்கள் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824-ல் ஆரம்பித்தது. அப்போது அங்கே மாடு இல்லை, கோழி இல்லை. கம்பெனி ராணுவத்துக்காகக் குதிரைகளைப் பராமரித்தார்கள். ஆக, இருநூறு வருஷமாகக் குதிரை சக்தியில் ஈடுபாடுள்ள ஊர் இது. பிற்பாடு பக்கத்தில் ஓசூரில் அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது, குதிரைகள் இன்ஜினுக்குள் போய்விட்டன. இந்த மண்ணில் பிறந்துவிட்டு, மேட்டில் ஏறும்போது மொபெட்டுக்கு வழிவிடுகிற வண்டியை எத்தனை நாள் ஓட்டுவது?

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. இங்கிலாந்தில் 1950-களில் ஓடிய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. 1990-களின் ஆரம்பத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே ஒரு காரியம் செய்தார்கள். அதே உடம்புக்குள் ஜப்பான் இஸுஸுவின் 1817 சி.சி. இன்ஜினை வைத்தார்கள். எழுபத்தைந்து குதிரை, ஐந்து கியர். பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததும் அதே இன்ஜினில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு எம்.பி.எஃப்.ஐ. வைத்தார்கள். 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் நின்றுபோனது. ஆனால் ஏலத்தில் தள்ளிய வண்டிகள் இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. எனக்கு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் லாரி முத்தம் கொடுத்து நசுங்கியது; முன்பக்கம் அம்சமாக இருந்தது.

பேப்பர் வேலையை முதலில் முடித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, இன்ஜினை மாற்றுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ஆர்.சி.யில் புது நம்பர் ஏற வேண்டும். கம்பெனி செய்து கொடுத்ததற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே கம்பெனி, அதே மாடல், அவர்களே வைத்த இன்ஜின் என்பதால் என் விண்ணப்பம் பிழைத்தது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் எழுதிப் போட்டேன்.

அப்பா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். தகட்டில் ஓட்டை என்றதும்தான் பொங்கிவிட்டார். காரணம், அவரும் சட்டம் படித்திருந்தார். 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய கார் ‘வின்டேஜ்’ அந்தஸ்து கேட்கலாம். ஆனால் பாடியிலும் இன்ஜினிலும் கை வைத்திருக்கக் கூடாது.

“2035-ல இது வின்டேஜ்டா. அதுக்குள்ள கொத்தித் தொலைச்சிடாதே.”

“2035-ல உங்களுக்கு என்ன வயசுப்பா?”

“வண்டி வயசைத்தானே கேக்கறான்? என் வயசு உனக்கெதுக்கு?”

*

எங்கள் மேஸ்திரி தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் ஸ்பேனர் கேட்பார், தமிழில் பணம் கேட்பார். ஓசூர்ப் பக்கம் இது சகஜம். இரண்டு வாரத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் உட்கார வைத்து, பெட்ரோல் பம்ப்பையும் மாற்றிவிட்டார். பிறகு ஏலத்து வண்டியிலிருந்து உருவிய வயரிங் கிட்டை என் முன்னால் போட்டார்.

பார்த்ததும் எனக்குக் கண்ணைக் கட்டியது. ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் சேவை பிழிந்து வைத்த மாதிரி ஒரு குவியல்.

பழைய இன்ஜின் ரொம்ப எளிமையான மனுஷன். ஓடுவதற்கு அதற்கு வேண்டியது இக்னிஷன் காயிலுக்கு ஒரே ஒரு வயர். எம்.பி.எஃப்.ஐ. அப்படியில்லை. அது கம்ப்யூட்டரைக் கேட்காமல் பெருமூச்சுகூட விடாது. தண்ணீர் எவ்வளவு சூடு, உள்ளே போகிற காற்று எவ்வளவு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறான், பிஸ்டன் இப்போது எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு சென்சாரும் ரிப்போர்ட் அனுப்ப, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, நாலு இன்ஜெக்டருக்கும் ‘இந்தா, இவ்வளவுதான் பெட்ரோல்’ என்று ஆர்டர் போடும். எங்கள் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டேதான்.

அந்தக் கம்ப்யூட்டர் சூடும் தண்ணீரும் படாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் டேஷ்போர்டுக்குக் கீழே வைக்கிறோம். ரிப்போர்ட் வருவதும் ஆர்டர் போவதும் ஃபயர்வாலைத் தாண்டித்தான். தீயைத் தடுக்கிற சுவரையே உடைத்தால்தான் வண்டி ஓடும்!

ஓட்டையின் அளவு வயர்க்கட்டின் பருமனைப் பொறுத்தது என்று நினைத்தேன். அதுவுமில்லை. கட்டு என்னவோ மணிக்கட்டு தண்டிதான். ஆனால் நுனியில் இருக்கும் கப்ளர்? கம்ப்யூட்டரில் போய்ச் சொருகுகிற கப்ளர் என் உள்ளங்கை அகலம். வெட்டி, ஓட்டைக்குள் நுழைத்து, அந்தப் பக்கம் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் என்றால் மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார்.

“சார், ஹாரன் வயர்ல ஒட்டுப்போடு, நான் கேக்கமாட்டேன். சென்சார் வயர்ல போகிற கரன்ட் கொசு மாதிரி. ஒட்டு லேசா பச்சை புடிச்சாலும் கம்ப்யூட்டர் தப்பா கணக்குப் போடும். வண்டி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. ஏன்னு எவனாலும் சொல்ல முடியாது.”

பெரிய கப்ளரை உள்ளேயே விட்டுவிட்டு, இன்ஜின் பக்கத்துச் சின்னக் கப்ளர்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பலாம் என்று முடிவானது. எங்கே ஓட்டை போடுவது என்று சாக்பீஸில் அவர் ஓர் இடத்தைக் குறித்தார். குறித்துவிட்டு, சந்திரசூடேஸ்வரர் கோயில் தேருக்குப் போய்விட்டார். மூன்று நாள் லீவு.

மூன்று நாள்!

இங்கேதான் நான் புத்திசாலி ஆனேன். இன்டர்நெட்டில் ஓர் அமெரிக்கர் இதே வேலையைப் பத்து நிமிஷத்தில், பாட்டுப் போட்டுக்கொண்டு செய்வதைப் பார்த்தேன். ஆபீஸ் மெயின்டனன்ஸ் நண்பரிடம் ட்ரில்லும், வட்டமாக வெட்டுகிற பல் வைத்த கப்பும் இரவல் வாங்கினேன். மேஸ்திரி குறித்த இடத்தில் ட்ரில் நேராக நிற்கவில்லை, கை இடித்தது. அதனால் வசதியாக அரை அடி தள்ளிப் போட்டேன். அந்த இடம் சைலன்சர் குழாய் இறங்குகிற பக்கம். அது அப்போது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

தகடு ‘கீஈஈ’ என்று அலறியது. வீட்டுக்குள்ளிருந்து அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வட்டமாக ஒரு துண்டு விழுந்தது. அதை நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் தேடினபோது இல்லை.

கப்ளர்கள் போயின. பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயரையும் அதே ஓட்டையில் சேர்த்து நுழைத்தேன். ஓட்டையின் விளிம்புக்கு ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள், கிரோமெட் என்று பெயர். நான் கப்ளரை எல்லாம் நுழைத்து முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. மறுபடியும் யார் உருவுவது? சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. பிரமாதம்.

தேர் முடிந்து வந்த மேஸ்திரி மீதி இணைப்புகளைக் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். அரை சுற்றில் பிடித்தது! உள்ளே குனிந்து என் ஓட்டையைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். “ரப்பர் போட்டுட்டு எடுத்துட்டுப் போ சார்” என்றார் தமிழில்.

“அடுத்த வாரம் போட்டுக்கலாம்” என்றேன் நான்.

*

பதினொன்றாவது நாள். தளியில் ஒரு கல்யாணம். முன்னால் அப்பா, பின்னால் அம்மா, என் மனைவி, ஆறு வயசுப் பையன். வண்டி மேட்டில் குதிரை மாதிரி ஏறியது. அப்பாவே வாயைத் திறந்து, “பரவால்லடா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்!

“யாரோ டயர் கொளுத்தறாங்க போலிருக்கு” என்றாள் அம்மா.

யாரும் கொளுத்தவில்லை. அப்பாவின் காலடியில் டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து நூல் மாதிரி புகை வந்தது. ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். இன்ஜின் நின்றது. புகை நிற்கவில்லை. நூல், கயிறாகத் தடித்தது.

எல்லோரையும் இறக்கினேன். பையனைத் தூக்கிக்கொண்டு என் மனைவி ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்ற ஸ்பேனர் தேடினேன். ஸ்பேனர் டிக்கியில், டிக்கி நிறைய சீர்வரிசை. அதற்குள் அப்பா என்னைத் தள்ளிவிட்டு, பேட்டரி முனையில் இருந்த ஒரு பித்தளைத் திருகை விரலால் மூன்று சுற்றுச் சுற்றி வயரைப் பிடுங்கிவிட்டார். அந்தத் திருகு அவர் எந்தக் காலத்திலோ போட்டது. வண்டியை வீட்டில் நிறுத்தியதும் தினமும் அதைக் கழற்றுவார். “என்னப்பா, மூக்குத்தியா?” என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

புகை நின்றது.

நடந்தது இதுதான். இன்ஜின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் ஓர் ஆட்டம் ஆடும். அதோடு வயர்க்கட்டும் ஆடும். ட்ரில் போட்ட தகட்டின் விளிம்பு கத்தி. பதினொரு நாள் அது பொறுமையாக அறுத்தது. முதலில் டேப், பிறகு சைக்கிள் ட்யூப், பிறகு மெயின் வயரின் தோல். செம்பு தகட்டைத் தொட்டதும் பேட்டரியின் முழு பலமும் அந்த ஓர் இடத்தில் இறங்கியது. ஃபியூஸ் போகவில்லையா என்று கேட்பீர்கள். ஃபியூஸ், ஓட்டைக்கு அந்தண்டை, டேஷ்போர்டில். அறுந்தது அதற்கு முன்னால். வாசலில் வாட்ச்மேனை வைத்துவிட்டுக் கொல்லைச் சுவரில் ஓட்டை போட்ட கதை.

கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனோம். அப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு வயரிங் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறாள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இப்படி எத்தனையோ பெண்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து போகிறார்கள். நாம் ஓட்டுகிற வண்டிகளின் நரம்பெல்லாம் அவர்கள் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வந்தவள், பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“யாருண்ணா இது டேப் சுத்தினது?”

“ஏம்மா?”

“இல்ல... கட்டு பிரிஞ்ச கால் மாதிரி இருக்கு.”

அரை மணி நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் ஆளுயரப் பலகையில் வண்டியின் வயரிங் அசல் அளவில் வரைந்திருக்குமாம். வரைபடத்தின் மேல் முளைகள் அடித்திருக்கும். வயரை முளைக்கு முளை இழுத்துப் போட்டு, கட்டி, டேப் சுற்றி, கடைசியில் ஒவ்வொரு வயருக்கும் விளக்கு எரிகிறதா என்று டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவார்கள். “ரப்பர் எப்போ போடுவீங்க?” என்று கேட்டேன்.

“கப்ளர் மாட்டறதுக்கு முன்னாடிண்ணா. நீங்க வளையலைக் கடைசியில மாட்டப் பார்த்திருக்கீங்க. கை உள்ள போற வழி என்ன? கட்டை விரலை மடக்கணும், சோப்பு போடணும்.”

அப்படியே செய்தாள். கப்ளருக்குள் ஒவ்வொரு பின்னும் ஒரு சின்ன நாக்கில் பூட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய ஊசியால் அந்த நாக்கை அமுக்கினால் வயர், பின்னோடு உருவிக்கொண்டு வருகிறது. வெட்டவே வேண்டாம்! முதலில் போட்டோ எடுக்கச் சொன்னாள், பிறகு நான் குழி நம்பரும் வயர் நிறமும் நோட்டில் எழுத, அவள் உருவினாள். அக்கவுன்ட்ஸ்காரனுக்கு ஏற்ற வேலை. உருகிப்போன நாலு வயரை ஏலத்து கிட்டில் மிஞ்சியதிலிருந்து முழு நீளத்துக்கு மாற்றினாள். பிஸ்டன் இருக்குமிடம் சொல்கிற சென்சாரின் வயர் மேல் மட்டும் உலோக வலை சுற்றியிருந்தது. அதைத் தொடாதீர்கள், ஸ்பார்க் பிளக் வயர் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்றாள். கீறிய ரப்பர் வளையம் கடையில் கிடைக்கிறதே, சுலபமாக மாட்டலாமே என்றதற்கு, “கீறினது கீறினதுதாண்ணா. தண்ணி உள்ள வரும்” என்றாள்.

மேஸ்திரி, முதலில் சாக்பீஸ் போட்ட இடத்திலேயே புது ஓட்டை போட்டார். சூடு படாத பக்கம், சக்கரம் தண்ணீர் தெறிக்காத உயரம். விளிம்பை ராவி, விரலால் தடவிப் பார்த்து, துரு பிடிக்காமல் பெயின்ட் அடித்தார். கழுத்து வைத்த ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அதற்குள் கட்டை நுழைத்து, ரப்பரோடு தகட்டில் பதித்தார்கள். ‘ப்ளக்’ என்று உட்கார்ந்த சத்தம் இருக்கிறதே! வெளியே வயர்க்கட்டு நேராக ஓட்டைக்குள் போகாமல் ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறுகிறது. மழைத் தண்ணீர் வழிந்து வந்தாலும் தொங்கலில் சொட்டிவிடும். இன்ஜின் ஆட்டத்துக்கும் அந்தத் தொங்கல்தான் இடம் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் கிளிப் போட்டுப் பாடியோடு பிடித்தாயிற்று. மெயின் வயருக்குத் தனி வழி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ்.

ரப்பரின் விலை ஒரு காபிக்குக்கூடக் காணாது. அதைச் சொன்னால் என் மனைவி எப்படிப் பார்க்கிறாள் தெரியுமா?

மிச்சம், நான் போட்ட பழைய ஓட்டை. அதை அடைக்க மேஸ்திரி தகடு தேடிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஆர்.சி. புத்தகம் வைக்கிற பிளாஸ்டிக் கவரோடு வந்தார். அதற்குள்ளிருந்து பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

அன்றைக்குக் காணாமல் போன வட்டம். ஒரு பக்கம் 1985-ன் பெயின்ட் அப்படியே இருந்தது.

“அதே தகடு. பத்த வெச்சிடு மேஸ்திரி.”

ட்ரில் தின்றது போகச் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. நடுவில் ஒரு பொட்டு ஓட்டை வேறு. மேஸ்திரி எதுவும் சொல்லாமல் நிரப்பிப் பற்ற வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தார். தெரிந்தவர்கள் தடவினால்தான் தெரியும்.

புது ஓட்டையிலிருந்து விழுந்த இரண்டாவது வட்டம் ஷெட் தரையில் கிடந்தது. அப்பா குனிந்து எடுத்து, ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இது எதுக்குப்பா?”

“2035 வரட்டும்” என்றார்.